மாதோட்டத் துறைமுகத்தின் முடிவு: ஒரு மறு ஆய்வு

இலங்கையின் வடமேற்குக் கரையில், மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் அமைந்திருந்த துறைமுக நகரம் மாதோட்டம். மாந்தை என்றும் இராசராசபுரம் என்றும் தமிழிலும், மகாதித்த என்று பாளி நூல்களிலும் இது குறிக்கப்படுகிறது. திருக்கேதீச்சரம் கோயிலும் பாலாவித் தீர்த்தமும் இந்நகரின் எல்லைக்குள் அடங்கியவை. குதிரை லாட வடிவிலான ஒரு மேடும், அதைச் சூழ்ந்த இரட்டை அகழியும் இன்று எஞ்சியுள்ளன.

இந்நகரின் தோற்றத்தைப் பற்றி ஆய்வாளரிடையே பெரிய பிணக்கு இல்லை. முடிவைப் பற்றித்தான் பிணக்கு எழ வேண்டும். ஆனால் அங்கே வியப்பூட்டும் ஒருமித்த கருத்து நிலவுகிறது. 1980 முதல் 1984 வரை இங்கு அகழாய்வு நடத்திய ஜான் கார்ஸ்வெல், நகரம் 11 ஆம் நூற்றாண்டில் கைவிடப்பட்டது என்று கொண்டார். போர்ச் சூழலால் அந்த ஆய்வு நின்றுபோய், முழு அறிக்கை 2013 இல்தான் வெளிவந்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அவருடைய கணிப்பு பாடநூல்கள் வரை பரவிவிட்டது. மேட்டின் குடியிருப்பைப் பொறுத்தவரை அக்கணிப்புக்கு ஆதாரம் உண்டு. துறைமுகத்துக்கும் அதையே முடிவாகக் கொள்வதற்குக் கல்வெட்டுகள் இடம் தரவில்லை.

இருப்பிடத்தைப் புரிந்துகொள்ளாமல் இந்த வேறுபாடு விளங்காது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 30 கி.மீ. இடையில் கிடக்கும் மணல்திட்டுத் தொடர், இராமர் அணை என்றும் ஆதாம் பாலம் என்றும் சொல்லப்படுவது, வடக்கே பாக்கு நீரிணையையும் தெற்கே மன்னார் வளைகுடாவையும் பிரிக்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும்; வாடை வீசும் மாதங்களில் வடக்குப் பக்கம் கொந்தளிக்கும். இரு பக்கத்துக்கும் அண்மையில் இருக்கும் துறை, ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பக்கத்தில் ஒதுங்க இடம் தரும். இப்பகுதிக் கடலின் ஆழக்குறைவைக் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே பிளினி எழுதிவைத்தார். குறுகிய வழிகளில் திரும்ப வேண்டியிராதபடி இரு முனையிலும் முகப்பு வைத்த கப்பல்கள் ஓடியதாகவும் அவர் கூறுகிறார். பெருங்கடலைக் கடந்து வந்த கலங்களுக்கு இந்த நீரிணை எளிய வழி அன்று. சரக்கு ஒரு கலத்திலிருந்து இறங்கி இன்னொரு கலத்தில் ஏறவேண்டிய கட்டாயமே மாதோட்டத்துக்கு வாழ்வு கொடுத்தது.

உள்நாட்டுப் பக்கமும் வளமானது. அநுராதபுரத்தைத் தொட்டு வரும் அருவியாறு (சிங்களத்தில் மல்வத்து ஓயா) மாதோட்டத்துக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. அநுராதபுரம் ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவு. நகருக்கு அருகே கட்டுக்கரைக் குளத்தின் நீர் பாயும் வயல்கள். தெற்கே அரிப்பு, சிலாவத்துறைக் கரைக்கு அப்பால் முத்துச் சலாபப் பார்கள். ஆழம் குறைந்த கடலில் சங்கு. நெல்லும் முத்தும் சங்கும் அருகிலேயே கிடைத்தன. யானை வன்னிக் காட்டிலிருந்து வந்தது. குதிரை மட்டும் கடல் கடந்து வர வேண்டியிருந்தது. அநுராதபுரத்தை ஆண்ட சேனன், குத்திகன் என்னும் இரு தமிழரைக் குதிரை வணிகனின் மக்கள் என்று மகாவம்சம் சொல்வது இந்த இறக்குமதியின் பழமைக்குச் சான்று.

அதே நூலில் மாதோட்டம் பெரும்பாலும் ஆட்கள் வந்திறங்கும் இடமாகவே காட்சி தருகிறது. விசயனுக்கு மதுரையிலிருந்து வந்த மணமகள் இறங்கியது அங்கே. எல்லாளனுக்குத் துணையாக வந்த பல்லுகன் இறங்கியது அங்கே. கி.மு. 103 இல் வட்டகாமணியை எதிர்த்து வந்த ஏழு தமிழர் இறங்கியதும் அங்கேதான். முதற்செய்தி புராணத்தன்மை வாய்ந்தது. அதை வரலாறாகக் கொள்ள இயலாது. ஆயினும் பாண்டிய நாட்டிலிருந்து இலங்கைக்குள் நுழையும் வாயில் என்றால் நூலாசிரியரின் மனத்தில் எழுந்த பெயர் இதுவே. வணிகச் சந்தி, நாட்டின் எல்லை வாயில் ஆகிய இரு வேலைகளையும் இந்த ஊர் ஒரே நேரத்தில் செய்துவந்தது. பிற்கால ஆய்வு முதலாவதைப் பெரிதாகப் பேசி இரண்டாவதை விட்டுவிட்டது. இக்கட்டுரையின் மறுப்பு முழுவதும் அந்த விடுபாட்டைச் சார்ந்தது.

அகழாய்வு வெளிக்கொணர்ந்த செல்வம் குறைத்து மதிப்பிடத் தக்கதன்று. அடியடுக்கில் இடைக் கற்கால மக்களின் தடயங்கள். அதற்கு மேல் நீண்ட இடைவெளிக்குப் பின் நகர வாழ்வு. மேலடுக்குகளில் தாங் காலச் சீனக் கற்கலங்கள், பாரசீக வளைகுடாப் பகுதியின் நீலப்பச்சை மெருகுப் பானைகள், கண்ணாடி, மணிகள். மேற்கின் பானையும் கிழக்கின் பானையும் ஒரே அடுக்கில் கிடப்பதைக் கண்ட கார்ஸ்வெல், இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் நடுப்புள்ளியாக இந்நகரைக் கண்டது இயல்பே. பிற்பட்ட அகழாய்வில் கிடைத்த தாவர எச்சங்கள் பற்றி 2018 இல் வெளிவந்த ஆய்வு இதை மேலும் உறுதிப்படுத்தியது: நெல்லோடு கோதுமை, மிளகு, திராட்சை விதை, ஒற்றைக் கிராம்பு. அந்தக் கிராம்புக்குத் தரப்பட்ட காலம் 900 முதல் 1100 வரை. இந்தோனேசியத் தீவுகளில் மட்டுமே அன்று விளைந்த பொருள் அது. இரு நூறு ஆண்டு அகலமுள்ள இந்தக் கணிப்பு, நகரின் முடிவு பற்றிய வழக்கில் எந்தப் பக்கத்துக்கும் சாட்சி சொல்லாது.

ஆறாம் நூற்றாண்டில் கோஸ்மாஸ் என்னும் கிரேக்க வணிகத் துறவி இலங்கைக்கு இந்தியா, பாரசீகம், எத்தியோப்பியா ஆகிய நாடுகளிலிருந்து கப்பல்கள் வந்ததை எழுதினார். அவருடைய வருணனையை மாதோட்டத்துக்கே உரியதாகச் சொல்லும் வழக்கம் ஆய்வுலகில் வேரூன்றிவிட்டது. இலங்கைத் துறைமுகத்தின் பெயரைக் கோஸ்மாஸ் தரவில்லை. பொருத்தம் இருக்கலாம், சான்று என்று அதை எண்ணக்கூடாது.

இனி முடிவுக்கு வரலாம். கார்ஸ்வெல்லின் வாதம் இரு தூண்களில் நிற்கிறது. ஒன்று, மேட்டில் கிடைத்த சீனக் கலங்களின் வரிசை 11 ஆம் நூற்றாண்டோடு அறுந்துபோவது. மற்றொன்று அரசியல். 993 ஐ ஒட்டி இராசராசனின் படை இலங்கையில் இறங்கியது. 1017 இல் ஐந்தாம் மகிந்தன் இராசேந்திரனிடம் சிறைப்பட்டான். தலைநகரம் அநுராதபுரத்திலிருந்து பொலன்னறுவைக்கு மாறியது. பொலன்னறுவையின் கடல்வழி கிழக்கே திருகோணமலையில் உள்ளது. மேற்கு நோக்கிய தலைநகரம் போனபின் மேற்குத் துறைமுகம் ஏன் வேண்டும்? வாதம் அழகானது. அழகே அதன் ஆபத்தும்கூட. துறைமுகத்தைத் தலைநகரத்தின் வாலாக மட்டும் எண்ணினால்தான் அது நிற்கும்.

இங்கேதான் ஒரு கல்வெட்டை நின்று வாசிக்க வேண்டியுள்ளது. மாதோட்டத்திலிருந்து கொழும்பு அருங்காட்சியகத்துக்குச் சென்ற தமிழ்க் கல்வெட்டு அது. சோழமண்டலத்து க்ஷத்திரியசிகாமணி வளநாட்டு, வேளார் நாட்டுச் சிறுகூற்றநல்லூரைச் சேர்ந்த தாழி குமரன் என்பவன், ஈழமான மும்முடிச் சோழமண்டலத்து மாதோட்டமான இராசராசபுரத்தில் இராசராசேச்சரம் என்ற சிவன் கோயிலை எடுப்பித்து நிலக்கொடை அளித்ததை அது பதிவுசெய்கிறது. வைகாசி விசாகத்தை ஒட்டி ஏழு நாள் விழாவுக்கு ஏற்பாடு சொல்லப்படுகிறது. எல்லை கூறும் பகுதியில் இராசராசப் பெருந்தெரு வருகிறது.

இக்கல்வெட்டை இராசராசன் காலத்தது என்று மேலோட்டமாக எழுதிச் செல்வதே வழக்கம். கோயிலின் பெயரும் ஊரின் பெயரும் அவனுடையவை என்பதே காரணம். பெயர் அரசனோடு இறப்பதில்லை. தஞ்சைப் பெருங்கோயில் அவன் மறைவுக்குப் பின்னும் இராசராசேச்சரமாகவே இருந்தது. உறுதியான எல்லையைக் கொடுப்பது வளநாட்டுப் பெயர். வளநாட்டுப் பிரிவு இராசராசன் ஆட்சியின் நடுப்பகுதியில், 1000 ஆம் ஆண்டை ஒட்டி, வந்தது. அவனுடைய 21 ஆம் ஆட்சியாண்டுக் கொடையைக் கூறும் பெரிய லெய்டன் செப்பேடு, நாகப்பட்டினம் அடங்கிய பட்டனக் கூற்றத்தை க்ஷத்திரியசிகாமணி வளநாட்டில் வைக்கிறது. முதற்குலோத்துங்கனின் 20 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த சிறிய லெய்டன் செப்பேடு அதே கூற்றத்தைக் கேயமாணிக்க வளநாட்டில் வைக்கிறது. ஆகவே மாதோட்டக் கல்வெட்டு ஏறத்தாழ 1000 க்குப் பின், குலோத்துங்கனின் பெயர் மாற்றத்துக்கு முன் எழுந்தது. சோழர் 1070 இல் இலங்கையை இழந்ததால் மேலெல்லையை அந்த ஆண்டில் நிறுத்தலாம். எழுபது ஆண்டு இடைவெளி. இதைக் குறுக்குவதற்கு வலுவான வழி இல்லை. குறுக்க வேண்டிய தேவையும் இல்லை.

இந்த எழுபது ஆண்டில் எந்த இடத்தில் வைத்தாலும் கல்வெட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறது. சோழர் மாதோட்டத்தைக் கொள்ளையிட்டு விட்டுச் செல்லவில்லை. அதற்குப் புதுப்பெயரிட்டு, பெருந்தெரு அமைத்து, கோயிலும் எடுத்தனர். திருக்கேதீச்சரம் என்ற பாடல் பெற்ற தலம் அங்கேயே இருந்தும் புதிதாக இன்னொரு கோயில் எழுந்தது கவனிக்கத்தக்கது. பழைய ஊரின் மீது புதிய குடியேற்றம் ஒன்று தன் மையத்தை நிறுவிக்கொண்டதன் அடையாளமாக அதைக் கொள்ளலாம். கட்டியவன் நாகப்பட்டினத்தை உள்ளடக்கிய அதே வளநாட்டைச் சேர்ந்தவன் என்பதும் தற்செயலாகத் தோன்றவில்லை. நீரிணையின் இரு கரைகளும் ஒரே ஆட்சியில் வந்தபோது, எதிர்க்கரை வட்டாரத்தினன் ஒருவன் இக்கரையில் நிலம் வைத்திருக்கிறான்.

இன்னொரு மாதோட்டக் கல்வெட்டு இதைவிடக் குறைவாகக் கவனிக்கப்பட்டது. திருவிராமீச்சரம் என்ற கோயிலுக்கான முதல், சங்கரப்பாடியார், வெற்றிலை வாணியர், வாழைக்காய் வாணியர் ஆகியோரிடம் ஒப்படைக்கப்படுகிறது. எண்ணெய், வெற்றிலை, வாழைக்காய். சீனக் கலத்தைத் தேடும் ஆய்வாளருக்கு இவை சிறுசரக்கு. நகரம் உயிரோடிருந்ததா என்று கேட்பவருக்கு இவைதாம் பெருஞ்சரக்கு. வெற்றிலையும் வாழைக்காயும் நாள்தோறும் விற்பனையாக வேண்டும். வாங்க ஆள் வேண்டும். அழியக்கூடிய இந்தப் பொருள்களின் வணிகர் குழுக்கள், கோயில் முதலை ஏற்று வட்டியைத் தொடர்ந்து செலுத்துவார்கள் என்று கொடையாளன் நம்பினான் என்றால், தம் ஊர் நிலைக்கும் என்ற எதிர்பார்ப்பு அன்று அங்கே இருந்தது. கைவிடப்படும் நகரில் இப்படி யாரும் முதலீடு செய்வதில்லை.

கார்ஸ்வெல்லை ஏற்பவர்கள், இவ்விரு கல்வெட்டுகளும் சோழர் ஆட்சிக்குள் அடங்குபவை என்றும், 1070 இல் சோழர் வெளியேறியபோது நகரமும் முடிந்தது என்றும் மறுமொழி கூறலாம். அப்படியானால் 1070 க்குப் பின் மாதோட்டம் பேசப்படக் கூடாது. ஆனால் பேசப்படுகிறது. முதலாம் விசயபாகு தன் 30 ஆம் ஆட்சியாண்டில் சோழநாட்டின் மீது படையெடுக்க எண்ணி, வேளைக்காரப் படை கலகம் செய்ததால் திட்டம் முறிந்தது பலர் அறிந்த செய்தி. அப்போது படையேற்றத்துக்குக் குறிக்கப்பட்ட துறைகளில் மகாதித்தவும் ஒன்று என்பது மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சத்தின் கூற்று.

இதைவிட வலுவானது திருவாலங்காட்டில் உள்ள இரண்டாம் இராசாதிராசனின் 12 ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. பாண்டிய அரசுரிமைப் போரில் தோற்ற முதலாம் பராக்கிரமபாகு மீண்டும் படையெடுக்க விரும்பி, ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம், மட்டிவாழ் ஆகிய ஊர்களில் படகுகளைச் செய்வித்துப் படை திரட்டினான் என்று அது கூறுகிறது. இதையறிந்த சோழ அதிகாரி அண்ணன் பல்லவராயன், ஈழ அரசுரிமை கோரிய சீவல்லவனைப் படையோடு அனுப்பி அவ்வூர்களைத் தாக்கி, யானைகளையும் கைப்பற்றிவரச் செய்தான். இந்த வெற்றிக்காகப் பல்லவராயனுக்குப் பழையனூரில் இறையிலி நிலம் கிடைத்தது. இராசாதிராசன் ஆட்சியேறிய ஆண்டை 1163 என்றும் 1166 என்றும் இருவிதமாகக் கணிப்பர். அதற்கேற்ப இக்கல்வெட்டு 1175 ஐ ஒட்டியோ 1178 ஐ ஒட்டியோ எழுந்தது. மூன்றாண்டு வேறுபாடு இங்கே பொருட்டன்று. கைவிடப்பட்டதாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஒரு நூற்றாண்டு கழித்தும் மாதோட்டத்தில் கலம் கட்டும் தச்சரும் படை தங்கும் இடமும் யானைகளும் இருந்திருக்கின்றன.

இச்சான்றுக்கு எதிராக ஒரு தடை எழுப்பலாம். கல்வெட்டு ஒரு வெற்றிப் புகழ். பகைவரின் ஊர்ப் பட்டியலை நீட்டுவது அதற்கு ஆதாயம். மேலும் மாதோட்டம் என்பது நகரை மட்டுமன்றிச் சுற்றியுள்ள கரைநாட்டையும் குறிக்கும் பெயராக விரிந்திருக்கலாம்; வல்லிகாமம் பிற்காலத்தில் ஒரு பரந்த பகுதியின் பெயராகவே வழங்குகிறது. இரண்டாவது தடை உண்மையில் வலிமையானது. அதை ஏற்றாலும் விளைவு ஒன்றே: மேட்டின் குடியிருப்பு ஒழிந்திருக்கலாம், அகழிக்கு வெளியே, அதே கரையில், துறைத்தொழில் தொடர்ந்தது.

வணிகம் என்ன ஆயிற்று என்பதற்கான விடையின் பாதியைக் கார்ஸ்வெல்லே தோண்டியெடுத்திருந்தார். 1977 இல் யாழ்ப்பாணத்துக்கு அருகே, வேலணைத் தீவின் அல்லைப்பிட்டியில் அவர் கண்டெடுத்த சீனக் கலத்தொகுதி சோங் காலத்தது. மாந்தை மேட்டில் அறுந்த வரிசை அங்கே தொடர்கிறது. அதே தீவின் முனையில்தான் ஊராத்துறை, இன்றைய ஊர்காவற்றுறை, இருக்கிறது. பராக்கிரமபாகுவின் நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு அத்துறைக்கு வரும் பரதேசி வணிகருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. யானை, குதிரை ஏற்றிவந்த கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிவந்த கலமானால் பாதிக்குப் பாதி. யானைக்கும் குதிரைக்கும் அரசன் காட்டும் தனிச்சலுகை, நீரிணை வணிகத்தில் அவனுக்கு எது முதன்மை என்பதைத் தெளிவாக்குகிறது. 12 ஆம் நூற்றாண்டில் தொலைதூரச் சரக்கின் சட்டம் ஊராத்துறைக்கு எழுதப்படுகிறது. மாதோட்டம் பெற்றிருந்த இரு வேலைகளில் வணிகச் சந்தி வடக்கே பெயர்ந்துவிட்டது. எல்லை வாயில் அங்கேயே நின்றது.

சான்றுகளின் இயல்பும் இந்தப் பிரிவைக் கூர்மைப்படுத்திக் காட்டுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பாளி நூலாசிரியருக்குப் போர் செய்தி. வெற்றிலைச் சந்தை செய்தியன்று. 1070 க்குப் பிற்பட்ட மாதோட்டக் குறிப்புகள் அனைத்திலும் படையே தெரிவதற்கு அவருடைய நாட்டமும் ஒரு காரணம். தோணியில் வந்துபோன நெல், துணி, கருவாட்டு வணிகம் எந்த நூலிலும் இடம்பெறாது. பானை ஓடாகவும் எஞ்சாது.

13 ஆம் நூற்றாண்டிலும் குறிப்புகள் நிற்கவில்லை. படையெடுத்து வந்து ஆண்ட மாகன் காவற்படை நிறுத்திய இடங்களைச் சூளவம்சம் வரிசைப்படுத்தும்போது மகாதித்தவையும் மன்னாரையும் தனித்தனியே சொல்கிறது. பெருநிலத்துறையும் தீவுத்துறையும் அருகருகே இயங்கிய நிலையை இது சுட்டுகிறது. மன்னாரின் எழுச்சிக்கான தொடக்கம் இங்கே தெரிகிறது எனலாம். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில், பாண்டிய சோழ நாடுகளில் ஆள்திரட்டிக்கொண்டு சாவகனான சந்திரபானு இரண்டாம் முறை வந்திறங்கியதும் மகாதித்தவிலேயே. அவ்வருகையின் ஆண்டு பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. இறங்கிய இடம் பற்றி நூல் தெளிவாகவே உள்ளது.

அதன்பின் செய்தி மங்குகிறது. 1344 இல் இபன் பதூதா கரையேறியது தெற்கே புத்தளத்தில். 1560 இல் போர்த்துக்கேயர் நீரிணையைக் காக்கக் கோட்டை கட்ட இடம் தேடியபோது மன்னார்த் தீவைத் தேர்ந்தார்கள். எதிரே இருந்த மாதோட்டத்தை அவர்கள் பொருட்படுத்தவில்லை. 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றியதும் மன்னாரைத்தான். எல்லை வாயில் என்ற வேலை தீவுக்குச் சென்றுவிட்டது. 1914 இல் தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடத் தொடங்கியபோது அது இன்னும் மேற்கே, தீவின் நுனியான தலைமன்னாருக்கு நகர்ந்தது.

ஆகவே மாதோட்டத்துக்கு ஒரே முடிவாண்டு குறிப்பது பிழை. மேட்டின் நகர வாழ்வு 11 ஆம் நூற்றாண்டில், சோழர் ஆட்சிக்காலத்துக்கு முன்னதாக அன்று, அதன் இறுதியிலோ அதற்குச் சற்றுப் பின்னோ ஒடுங்கியது. தொலைதூர வணிகம் 12 ஆம் நூற்றாண்டுக்குள் ஊராத்துறைப் பக்கம் சென்றது. படையும் பயணிகளும் கடக்கும் துறையாக அது 13 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நிலைத்தது. அதன் கடைசி நாள் சந்திரபானுவுக்கும் 1560 க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. அந்த முந்நூறு ஆண்டு இடைவெளியைக் குறைக்க வேண்டுமானால், இனி வரும் அகழாய்வுக் குழிகள் அகழிக்கு வெளியே, பாலாவிக் கரையோரத்தில் இறக்கப்பட வேண்டும்.